பிளேடு என்கிற பட்டம்

என் சகலையிடம் முப்பத்தேழு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அவர் வீட்டில் தக்காளியை நசுக்கித்தான் சமைப்பார்கள். அடுப்படியில் இருந்த ஒரே கத்தி அவர்கள் கல்யாணத்தின்போது வாங்கியது. அது வெண்ணெயைப் பார்த்தாலே யோசிக்கும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அட்டைப்பெட்டி ஆலையில் மாதிரிப் பிரிவில் மூத்தவர். யாராவது வந்து, "எங்க விளக்குக்கு ஒரு பெட்டி வேணும்" என்றால், விளக்கைக் கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். அட்டையில் கோடு போட்டு, வெட்டி, மடித்து, ஒட்டி, அரை மணி நேரத்தில் பெட்டியை நீட்டுவார். மேஜையிலிருந்து தள்ளிவிட்டாலும் உள்ளே இருக்கும் விளக்கு உடையாது. அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாற்றிச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

அதே ஆலையில், சரக்கு அனுப்பும் பிரிவில், நான் லேபிள் எழுதுகிறேன். அவர் சொல்லிக் கிடைத்த வேலை. சிலர் நன்றிக்கடனைக் கையால் அடைப்பார்கள், சிலர் காலில் விழுந்து அடைப்பார்கள். நான் காதால் அடைத்தேன். இருபது வருடம்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்க வேண்டும். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் கத்திகள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, பெட்டிக்குள் மெத்தை, மூடியில் எண். எல்லாம் அவர் கையால் செய்தவை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தோட்டுக்குப் பெட்டி பண்ணித் தந்ததில்ல" என்று அக்கா சொல்வார். (மனைவியின் அக்கா எனக்கும் அக்காதான்.) அது அவர் காதில் விழாது. இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னிக்கு எது?" என்று யோசித்துக்கொண்டிருப்பார். மழை பெய்தால் துருப்பிடிக்காதது. வெள்ளிக்கிழமை என்றால் மரப்பிடி போட்டது. மேலாளர் வரும் நாளில் கொஞ்சம் அடக்கமானது. ஒன்று சட்டைப்பையில், ஒன்று இடுப்புப் பட்டையில், குட்டியாக ஒன்று சாவிக்கொத்தில். இப்படி மூன்று கத்திகளோடு அவர் போவது எங்கே? மேஜைக்கு நாலு கட்டர் கிடக்கும் அட்டை ஆலைக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவது போலத்தான். அட்டையை அவர் வெட்டுவதும் ஆலை கொடுத்த கட்டரில்தான். சொந்தக் கத்தியில் வெட்டினால் முனை மழுங்கிவிடுமாம்.

ஒருமுறை என் வீட்டுக்குப் பார்சல் வந்திருந்தது. சுற்றிலும் பசை நாடா. "சகலை, ஒரு கத்தி கொடுங்க" என்றேன். தவறு என் மேல்தான். "எந்த மாதிரி நாடான்னு பாக்கணும்" என்று ஆரம்பித்தார். நூல் வைத்த நாடாவுக்குப் பல் வைத்த கத்தி, வழவழப்பான நாடாவுக்கு நேர் முனை, பார்சலுக்குள் துணி இருந்தால் முனை மொட்டையாக இருக்க வேண்டும் என்று மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். அதற்குள் என் மனைவி பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளே இருந்த போர்வையை மடித்தும் வைத்துவிட்டாள்.

கடையில் வாங்கிய கத்தி எதையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார். பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிவிட்டு, உடைந்த மர ஸ்கேலில் பிடி செய்து போடுவார். ஒரு மல்ட்டிடூல் வைத்திருந்தார். ஒரு குறட்டுக்குள் பதினாறு கருவிகளை மடக்கி வைத்த சமாச்சாரம் அது. அதிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கி இன்னொன்றில் வைத்தார். அதிலிருந்த அரத்தை இதற்குக் கொண்டுவந்தார். இரண்டுமே பிறகு சரியாக மூடவில்லை. அதைச் சரிசெய்ய மூன்றாவதாக ஒன்று வாங்கினார்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. கத்தியை என் காதருகே கொண்டுவந்து திறப்பார்.

"கேட்டீங்களா? டிக். இப்ப இதைக் கேளுங்க. டிக். வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது சகலை."

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டாவது."

"ரெண்டும் ஒரே கத்திதான். திருகாணியைக் கால் சுத்து முடுக்கினேன். பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது!"

இதே பேச்சுதான் ஆலைச் சாப்பாட்டு அறையிலும். மதியம் ஒன்றுக்கு உட்கார்ந்தால், ஒன்றே முக்காலுக்கு மணி அடிக்கும்வரை பூட்டு. கதவுப் பூட்டு இல்லை. திறந்த கத்தி விரலின் மேல் மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு. அதில் எத்தனை வகை, எந்த வகையை யார் எதற்காகக் கண்டுபிடித்தார், அவர் செய்த பிழை என்ன, அதை நம் சகலை எப்படித் திருத்தினார். அவர் எதிரில் உட்கார்ந்தவன் சோறு ஆறிப்போய்த்தான் எழுந்திருப்பான். நான் மேஜைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். முள் நகர்ந்த மாதிரியே இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதத்தில் ஒருநாள் அப்படி எழுந்து வந்து, கைகழுவும் இடத்தில் நின்றவர்களிடம், "செம பிளேடுப்பா!" என்றேன். பேசியே ஆளை அறுப்பதற்கு அறுவை என்று ஒரு பேர் உண்டு. பிளேடு போடுவது என்றால் இன்னும் கொஞ்சம் மெல்லிசாக, நோகாமல், நிதானமாக அறுப்பது. சொன்னது அவ்வளவுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சாயங்காலத்துக்குள் மாதிரிப் பிரிவு, ஒட்டுப் பிரிவு, அச்சுப் பிரிவு எங்கும் அவர் பேர் பிளேடு.

ஒரு வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விஷயம் தெரிந்துவிட்டது, வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"சகலை, கவனிச்சீங்களா? நம்ம ஆளுங்க எனக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க."

"அப்படியா?"

"பிளேடு!" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "கத்தியைப் பத்தி ஏதாச்சும்னா என்கிட்டதானே வரணும்? அதை மனசுல வச்சு மரியாதையா கூப்பிடறாங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். மென்று முழுங்கிவிட்டேன். அன்றைக்கு முழுங்கியது இருபது வருடமும் தொண்டையிலேயே நின்றது.

மனிதர் அதோடு விட்டாரா? தன் கத்திகளிலேயே உயர்ந்ததை எடுத்தார். மாதிரிப் பிரிவின் பழைய மேஜை உடைந்தபோது அதிலிருந்து எடுத்துவைத்திருந்த கருப்பு மரத்தில் புதுப்பிடி செய்தார். அந்தப் பிடியில் ஊசி உளியால் பி, ளே, டு என்று மூன்றெழுத்தைச் செதுக்கினார். மூன்றெழுத்துக்கு மூன்று வாரம். முடித்ததும் முதலில் கொண்டுவந்து காட்டியது என்னிடம்தான். "எழுத்து அழகா இருக்கு சகலை" என்றேன். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. அதுதான் வேதனை.

இப்படியே ஓய்வு பெற்றுப் போயிருப்பார். இன்னும் மூன்று வருடம்தான் பாக்கி. அப்போதுதான் ஆலைக்குப் புதிய காவல் அதிகாரி வந்து சேர்ந்தார்.

அவர் முப்பது வருடம் சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த முதல் வாரமே வாசலில் கதவில்லாத கதவு ஒன்றை நிறுத்தினார். இரும்போடு உள்ளே போனால் கத்தும். கூரான எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, மீறினால் வேலைநீக்கம் வரை போகும் என்று அறிவிப்புப் பலகையில் தாளும் ஒட்டினார். சகலை அதை நின்று முழுதாகப் படித்தார். "சரியான சட்டம்தான். கண்டவன் கண்டதைக் கொண்டுவரக் கூடாது" என்றார். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிடம். அவர் நுழைந்ததும் கதவு அலறியது. சட்டைப்பையிலிருந்து ஒன்று, இடுப்பிலிருந்து ஒன்று, சாவிக்கொத்தோடு ஒன்று என்று எடுத்துத் தட்டில் வைத்தார். அதிகாரி அந்தக் கருப்புப் பிடிக் கத்தியைத் தூக்கி, "இது என்ன?" என்று கேட்டார்.

வாழ்நாளில் யாருமே தானாக வந்து கேட்காத கேள்வி. சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் முப்பது பேர் நின்றோம். எட்டு அடித்தால் எல்லோருக்கும் தாமதக் குறி விழும். இவர் பிடியின் மரம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். "சார், பிளேடு போடாதீங்க சார்!" என்று ஒருவன் கத்தினான். "பிளேடு, விட்டுடுங்க! எங்களை விட்டுடுங்க!" என்று இன்னொருவன். வரிசை முழுக்க ஒரே கூச்சல். சிறையில் பிளேடு போடுவது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு, ஆளைக் கிழிப்பது. அதிகாரி ஓரடி பின்னால் போய் விசிலை எடுத்தார்.

இரண்டு நாளில் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. வேலையிலிருந்து தற்காலிக நீக்கம், பத்தாம் நாள் விசாரணை. அதில் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: "மேற்படி ஊழியர் 'பிளேடு' என்ற பட்டப்பெயரால் அறியப்படுபவர் என்றும், மேற்படிப் பெயரைத் தமது ஆயுதத்தின் பிடியில் பொறித்திருக்கிறார் என்றும், சோதனையின்போது சக ஊழியர்கள் 'பிளேடு போடாதீர்கள், எங்களை விட்டுவிடுங்கள்' என்று அஞ்சி அலறினார்கள் என்றும் தெரிய வருகிறது."

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அழுதார். "மூணு வருஷம் இருக்கு தம்பி. இப்ப ரவுடின்னு எழுதி வெளிய அனுப்பினா இந்த வயசுல இவரை எவன் சேத்துப்பான்? நான் எப்படி வெளிய தலை காட்டுவேன்?"

சகலைக்கு வருத்தம் இருந்தது. ஆனால் வேறு மாதிரி வருத்தம். "ஆயுதம்னு எழுதியிருக்காங்க பாருங்க. கருவின்னு எழுதணும். சொல்லே தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரைக்கூட குறிச்சிருக்காங்க" என்றார்.

விசாரணையில் அவருக்காகப் பேச ஒரு சக ஊழியரைக் கூட்டிவரலாம். யாரைக் கூட்டிப் போவார்? என்னைத்தான். ஆலை வாசலில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"பேரைப் பத்திக் கேட்டா நீங்க சொல்லுங்க சகலை. எல்லாரும் ஏன் அப்படிக் கூப்பிடறாங்கன்னு. நானே சொன்னா தற்பெருமையா போயிடும்."

எனக்கு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

அறையில் நீள மேஜை. நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மா. ஒரு பக்கம் கணக்குப் பிரிவுத் தலைவர், மறுபக்கம் பணியாளர் மேலாளர். ஓரத்தில் காவல் அதிகாரி. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் உறையில் கருப்புப் பிடிக் கத்தி. எங்கள் ஆலையில் எத்தனையோ நல்ல பெட்டிகள் இருக்க, போயும் போயும் பிளாஸ்டிக் உறையில் அதை வைத்திருந்தார்கள். சகலைக்கு அது பொறுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த வழியெல்லாம் சுற்றிப் பார்த்தேன். மேடம், இவர் கத்தியால் இதுவரை ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை என்றேன். வீட்டில் தக்காளியை நசுக்கித்தான் சமைக்கிறார்கள் என்றேன். எங்கள் பார்சலை என் மனைவி பல்லால் பிரித்த கதையையும் சொன்னேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மேடம், இவர் கத்தியும் அப்படித்தான் என்றேன். சகலை என்னைக் கொஞ்சம் சங்கடமாகப் பார்த்தார். ஆனாலும் தலையாட்டினார்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடிதத்தைத் தட்டினார்.

"எல்லாம் சரிங்க. எதையும் வெட்டாத மனுஷருக்கு ஏன் பிளேடுன்னு பேர்? அவங்க ஏன் அலறினாங்க? எனக்கு அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் எழுதணும்."

சகலை என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு. சொல்லுங்க, என்பது போல.

ஒரு பக்கம் மூன்று வருட வேலை. மறுபக்கம் கருப்பு மரத்தில் செதுக்கிய மூன்றெழுத்து. மரியாதைக்காக வைத்த பேர் என்று நான் சொன்னால், பிளேடு என்கிற பேரை மரியாதையாக வைக்கும் கூட்டம் எது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு விடை காவல் அதிகாரியின் கையில் தயாராக இருந்தது.

"அது வந்து மேடம்," என்றேன். "இவர் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். கத்தியைப் பத்தி. யாராலயும் தாங்க முடியாது. அதனால வச்ச பேர் அது. பிளேடு போடறார்னு சொல்லுவோம்ல, அந்த பிளேடு. அன்னிக்கு வாசல்லயும் அதைத்தான் கத்தினாங்க. லேட்டாகுதேன்னு."

"இந்த பேரை வச்சது யாரு?"

நுணலும் தன் வாயால் கெடும். "நான்தான்" என்றேன்.

முதலில் கணக்குப் பிரிவுத் தலைவர் சிரித்தார். அவரும் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தவர்தான். பிறகு பணியாளர் மேலாளர். தலைமை அலுவலக அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார், தோள் குலுங்கியது. காவல் அதிகாரி மட்டும் சிரிக்காமல், "பேசுறதுக்கா அந்த பேர்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். சகலையும் சிரித்தார். எல்லோரும் எதற்கோ சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று கடைசியாகச் சேர்ந்துகொண்டவரின் சிரிப்பு. அது பாதியில் நின்றுபோனது. அவர் உறையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். பிடியில் இருந்த எழுத்தை, யாரோ எழுதியதைப் படிப்பது போல, மெதுவாகப் படித்தார்.

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கத்தி வீட்டோடு இருக்க வேண்டும், திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று உத்தரவு. வெளியே வந்ததும், "ரொம்ப நன்றி சகலை. வேலையைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க" என்றார். அதற்கு மேல் பேருந்து நிறுத்தம்வரை ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை வாசல் கதவு கத்தவில்லை. ஒன்றுக்குச் சாப்பிட உட்கார்ந்தார், ஒன்று பத்துக்கு எழுந்தார். ஒட்டுப் பிரிவுக்காரன் ஒருவன் மனசு கேட்காமல், "சார், அந்தப் பூட்டு ரகம் ஒண்ணு சொன்னீங்களே..." என்று எடுத்துக் கொடுத்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். முப்பது பேரும் சூடான சோற்றைச் சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தார். "அங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க தம்பி? மனுஷன் வாயையே திறக்க மாட்டேங்கறார். டிக்குன்னு ஒரு சத்தம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் நிறுத்துங்கன்னு கத்தினேன். இப்ப வீடு என்னவோ மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். சும்மா போகவில்லை. சந்தைத் தெருவில் இருந்ததிலேயே மட்டமான மடக்குக் கத்தி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். திறந்தால் கிடுகிடுவென்று ஆடும். அவர் பார்த்தாலே பொங்கி எழ வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியது.

அடுப்படியில் அக்கா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். துண்டுகள் தாள் போல விழுந்தன. அடுப்படியின் அந்தப் பழைய கத்தியையும், மழுங்கிக் கிடந்த அரிவாள்மனையையும் சகலை சாணை பிடித்து வைத்திருந்தாராம். அக்காவின் இரண்டு விரலில் கட்டு. "இத்தனை வருஷம் கேட்டு இப்பத்தான் கிடைச்சுது. பழக்கமில்ல, கையை அறுத்துக்கறேன்" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. தக்காளிக்குக் கண் கலங்காது.

சகலை சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மேஜை மேல் கருப்புப் பிடிக் கத்தி. பிடியில் எழுத்து இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். எழுத்து இருந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாக, மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். துண்டை எடுத்து அதன் மேல் போட்டார்.

"மன்னிச்சிடுங்க சகலை" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? உள்ளதைத்தானே சொன்னீங்க."

நான் வாங்கிவந்த கத்தியை மேஜையில் வைத்தேன். அவர் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கை தானாகப் போனது. திறந்தார், ஆட்டினார், காதருகே கொண்டுபோனார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த அதே முகம் ஒரு நிமிடம் வந்தது.

"ஏன் சகலை இப்படி ஆடுது?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லவா?"

"வேண்டாம் சகலை. நீளமாவே சொல்லுங்க. எனக்கு இன்னிக்கு ஒரு வேலையும் இல்ல."

அவர் தலையாட்டினார். திருகாணி மரை தேய்ந்திருக்கிறது, உள்ளே ஒரு மெல்லிய வளையம் வைக்க வேண்டும், கால் சுற்று முடுக்கி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்றார். சொல்லிக்கொண்டே செய்தும் முடித்தார். மடக்கி என் கையில் கொடுத்தார். டிக் என்றது. எது நல்லா இருக்கு என்று கேட்கவில்லை.

பழக்கதோஷத்தில் மேஜைக்கு அடியில் கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.